தேன் கரைந்தபின் மிஞ்சும் புளிப்பு

தேனும் புளிப்புதான். பி.எச். பார்த்தால் பெரும்பாலான தேன்கள் 4-ஐ ஒட்டி நிற்கும்; சராசரி 3.9 என்பார்கள். ஆப்பிள் சாறும் ஏறக்குறைய அதே வட்டாரம். தேனில் அது நாக்குக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், எடையில் எண்பது சதவீதம் சர்க்கரையாக இருப்பது. ஈஸ்ட் அத்தனையையும் தின்று தீர்த்த பிறகுதான் உள்ளே என்ன ஒளிந்திருந்தது என்று தெரியவரும். ஆப்பிள் சாற்றில் தேனைக் கரைத்து நொதிக்கவைக்கும் மதுவை இங்கிலாந்தில் சைசர் என்கிறார்கள். வீட்டில் அதைச் செய்து பார்ப்பவர்களிடம் பேசினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் புளிப்பில்தான் வந்து நிற்கும். ஒருவர் சப்பென்று இருக்கிறது என்பார், இன்னொருவர் பல் கூசுகிறது என்பார். இரண்டு பேரும் ஒரே செய்முறையைத்தான் பின்பற்றியிருப்பார்கள்.

*

இங்கே ஹியர்ஃபர்ட்ஷயரில் அக்டோபர் வந்தால் வீட்டு வாசல்களில் ஆப்பிள் கூடையை வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அட்டையையும் செருகிவிடுவார்கள். கூடையில் பாதிக்குமேல் பிராம்லி. சமையலுக்கு மட்டும் என்று இந்த நாட்டில் ஒதுக்கிவைத்த பழம். பச்சையாகக் கடித்தால் முகம் கோணும். 1809-இல் நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி போட்ட விதையில் முளைத்தது இதன் தாய்மரம். பின்னால் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி ஒரு கசாப்புக்கடைக்காரர். ஒட்டுக் கட்டக் குச்சி கேட்டு வந்த நாற்றங்கால்காரரிடம், என் பெயரை வைப்பதானால் வெட்டிக்கொள் என்றாராம். விதை போட்டவளுக்குப் பெயரில் இடமில்லாமல் போனது.

சைசருக்கு நான் முதலில் சேர்த்துவைப்பது இந்தப் பழத்தைத்தான். தனியாக நொதிக்கவைப்பதற்கு அல்ல, மற்ற சாறுகளைத் தூக்கி நிறுத்துவதற்கு. கடையில் கிடைக்கும் காலா, கோல்டன் டெலிஷஸ் வகைகளின் சாறு இனிப்பாக, மணமாக இருக்கும். அமிலம் மட்டும் குறைவு. அதில் தேனையும் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் நீர்த்துவிடும்.

*

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்கான பழத்தை ஆராய்வதற்கென்றே 1903-இல் தொடங்கியது, 2003-இல் மூடிவிட்டார்கள். அதன் முதல் இயக்குநர் பார்க்கர் ஆப்பிள்களை நான்காகப் பிரித்தார். அவர் வைத்த கோடுகள் இரண்டே: அமிலம் 0.45 சதவீதம், துவர்ப்பைத் தரும் டானின் 0.2 சதவீதம். இரண்டும் கோட்டுக்குக் கீழே இருந்தால் இனிப்பு வகை. அமிலம் மட்டும் மேலே என்றால் புளிப்பு வகை. டானின் மட்டும் மேலே என்றால் கசப்பினிப்பு. இரண்டுமே மேலே என்றால் கசப்புப்புளிப்பு. சாமர்செட்டின் டேபினெட் மூன்றாவது வகை. கிங்ஸ்டன் பிளாக் நான்காவது. அதைத் தனியாகப் பிழிந்தே சைடர் செய்யலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். அதில் நியாயமும் உண்டு.

நூறாண்டு தாண்டியும் இந்தப் பிரிவினை நிற்பதற்குக் காரணம், பார்க்கர் சர்க்கரையை அளவுகோலாக எடுக்காததுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரை எப்படியும் சாராயமாகிப் போய்விடும். கோப்பைக்கு வந்து சேர்வது புளிப்பும் துவர்ப்பும்.

*

புறநானூற்றின் 177-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் கள் குடித்துக் கண் சிவந்தவர்களைக் காட்டுகிறார். அவர்கள் புளிப்புக்கு ஏங்கிக் களாவும் துடரியும் தின்கிறார்கள். அது அலுத்ததும் ஆற்று மணல்மேட்டில் ஏறி நாவற்பழம் பறித்துத் தின்கிறார்கள். முதலில் புளிப்பு, அதன்பின் துவர்ப்பு. குடித்த நாக்கு எதைக் கேட்கும் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே பழம் கள்ளுக்கு வெளியே நிற்கிறது. சைசரில் பழத்தையும் குடத்துக்குள்ளேயே போட்டுவிடுகிறோம்.

*

கணக்கு. சாறு 4 லிட்டர், ஆப்பிளின் புளிப்பான மாலிக் அமிலம் லிட்டருக்கு 7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28 கிராம். ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டுகிறது. அதில் ஒரு கிலோ தேன். தேன் அடர்த்தியானது, ஒரு கிலோவுக்கு 700 மில்லிலிட்டர்தான் இடம் பிடிக்கும். ஆக 4.7 லிட்டர். ஹைட்ரோமீட்டர் 1.105-க்கு ஏறும், முழுக்க நொதித்தால் 14 சதவீதத்தை ஒட்டிய சாராயம்.

அமிலம்? சாற்றின் 28 கிராமை 4.7 லிட்டரில் பரப்பினால் லிட்டருக்கு 6 கிராமுக்கு இறங்கிவிடும். தேன் தன் பங்கைக் கொடுக்காதா என்றால், கொடுக்கும், கொஞ்சம். ஐரோப்பியச் சட்டப்படி சாதாரணத் தேனில் கிலோவுக்கு 50 மில்லிசமானம் வரைதான் கட்டற்ற அமிலம் இருக்கலாம். மாலிக் கணக்கில் மாற்றினால் 3.35 கிராம். அந்த உச்சத்தில் இருக்கும் தேனை வாங்கினாலும் லிட்டருக்கு 0.7 கிராம்தான் கூடும். நல்ல தேன்கள் அதில் பாதியைத் தருவதே அதிகம்.

ஆக, தேன் அமிலத்தை நீர்க்கச் செய்கிறது, சாராயத்தை இரட்டிப்பாக்குகிறது. சாராயத்துக்கும் ஒரு லேசான இனிப்பும் சூடும் உண்டு. 7 சதவீதச் சைடரில் எடுப்பாக இருந்த 6 கிராம் அமிலம், 14 சதவீதச் சைசரில் எங்கே என்று தேடவேண்டியதாகிவிடும். அந்த அளவே, தேன் முழுக்க நொதித்து ஒரு பொட்டு இனிப்புகூட மிஞ்சாத இளம் மதுவில், ஆடை உருவியதுபோலத் துருத்திக்கொண்டும் நிற்கும். அமிலமானியில் இரண்டும் ஒரே எண். நான் சொல்லவரும் சங்கதி இதுதான்: சைசரில் புளிப்பைத் தொடக்கத்தில் தூள் போட்டுத் திருத்தாதே, முடிவில் திருத்து. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. கீழே வரும்.

*

பி.எச். வேறு, மொத்த அமிலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் கெட்ட மது கொஞ்சமல்ல. பி.எச். என்பது அந்த நேரத்தில் திரவத்தில் தனியாக உலவும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு. மொத்த அமிலம் என்பது தனியாக உலவுவது, அமில மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்த்து. நாக்கு பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்கிறது. பாக்டீரியா முதலாவதைப் பார்த்துத்தான் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

பி.எச். அளவுகோலை 1909-இல் வகுத்த சோரென்சன் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர்க்காரர்கள் நடத்திய ஆய்வகத்தில். 1934-இல் ஆர்னால்ட் பெக்மன் செய்த மின்னணுப் பி.எச். மீட்டர், கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் திணறிய ஒரு நண்பருக்காக. குடிப்பதும் புளிப்பதும்தான் இந்தத் துறையை வளர்த்திருக்கிறது.

அளவு மடக்கை முறையில் ஏறுவதால் சின்ன வித்தியாசம் என்று அலட்சியம் கூடாது. 3.3-க்கும் 3.6-க்கும் இடையே ஹைட்ரஜன் அயனி பாதியாகிறது.

*

விதிவிலக்கு: சாறும் தேனும் கலந்தபின் பி.எச். 3.8-க்கு மேல் இருந்தால் உடனே அமிலம் சேர்க்கவேண்டும். ருசிக்காக அல்ல, காவலுக்காக. மதுவைக் காக்க நாம் போடும் சல்ஃபைட்டில் ஒரு சிறு பங்குதான் நுண்ணுயிரைத் தாக்கும் வடிவில் இருக்கும். அந்தப் பங்கு பி.எச்.ஐப் பொறுத்தது. 3.2-இல் சல்ஃபைட்டிலிருந்து வரும் கட்டற்ற சல்ஃபர் டைஆக்சைடு 21 பி.பி.எம். செய்யும் வேலையைச் செய்ய 3.8-இல் 79 பி.பி.எம். வேண்டும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அவ்வளவு போட்டால் தீக்குச்சி உரசிய வாடை மூக்கில் ஏறும்.

வீட்டில் இந்தச் சல்ஃபைட்டுக்காகப் பயன்படும் கேம்ப்டன் மாத்திரை, ஒரு கேலனுக்கு, அதாவது 4.5 லிட்டருக்கு, ஒன்று போட்டால் 50 பி.பி.எம். தரும். கேம்ப்டன் என்பது பக்கத்து மாவட்டமான கிளஸ்டர்ஷயரில் இருக்கும் ஊர். பழத்தைப் பதப்படுத்த 1920-களில் அங்கே உருவானது. பழம் பதப்படுத்துகிறவர்கள் கைவிட்டாலும் வீட்டு மதுக்காரர்கள் அதை விடவில்லை.

*

சாற்றுக் கலப்பில் புளிப்பைச் சரிசெய்துகொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி. புட்டியில் விற்கும் தூளைவிடப் பழத்தின் அமிலம் மேல் என்று சொல்லவில்லை. மாலிக் அமிலம் எங்கிருந்து வந்தாலும் மாலிக் அமிலம்தான். ஆனால் பிராம்லியோடு பிராம்லியின் மணமும் வருகிறது. உதாரணத்துக்கு, காலாச் சாற்றில் 3.5 கிராம், பிராம்லிச் சாற்றில் 11 கிராம், எனக்கு வேண்டியது 6.5. வேண்டியதிலிருந்து காலாவின் எண்ணைக் கழித்தால் 3. அது பிராம்லியின் பங்கு. பிராம்லியிலிருந்து வேண்டியதைக் கழித்தால் 4.5, அது காலாவின் பங்கு. இரண்டு பங்கு பிராம்லிக்கு மூன்று பங்கு காலா. பால்காரர்கள் கொழுப்பைக் கலக்கப் பயன்படுத்தும் பியர்சன் சதுரம்தான் இது.

பழத்தை எப்போது பிழிகிறோம் என்பதும் கணக்கில் வரவேண்டும். பறித்தபிறகும் ஆப்பிள் மூச்சுவிடுகிறது, மூச்சுக்கு மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. அக்டோபரில் முகம் கோணவைத்த பிராம்லி, கொட்டகையில் பெப்ரவரிவரை கிடந்தால் மாவுபோலாகி மந்தமாகிவிடும். போன வருடத்து எண்ணை இந்த வருடத்துக்கு எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

கடைச் சாறு வாங்கினால் அட்டையின் பின்பக்கம் பார்க்கவும். வைட்டமின் சி, அதாவது ஈ300, இருந்தால் பரவாயில்லை. ஈ202 என்று இருந்தால் அது பொட்டாசியம் சார்பேட். ஈஸ்ட் பெருகவே விடாது.

*

செய்முறைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அமிலம் 6 கிராம் என்று எழுதியிருந்தால், எந்த அமிலக் கணக்கில்? சைடர்காரர்கள் மாலிக் கணக்கில் எழுதுவார்கள். அமெரிக்கத் திராட்சை மதுக்காரர்கள் டார்டாரிக் கணக்கில். பிரெஞ்சுக்காரர்கள் கந்தக அமிலக் கணக்கில். மதுவில் அப்படி ஓர் அமிலம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது அவர்கள் பழக்கம். ஒரே மது மாலிக்கில் 6 என்றால் டார்டாரிக்கில் 6.7, கந்தகத்தில் 4.4. பிரெஞ்சுச் செய்முறையில் 4.4-ஐப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று தூளை அள்ளிக் கொட்டாமல் இருக்க இது தெரிந்திருக்கவேண்டும்.

*

அளக்கும் முறை பள்ளிக்கூடத்தில் செய்ததேதான். 10 மில்லிலிட்டர் மது, இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன், பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. இளஞ்சிவப்பு வந்து நிலைத்ததும் நிறுத்து. செலவான மில்லிலிட்டரை 0.67-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் மாலிக் என்று கிடைக்கும். 9 மில்லி என்றால் 6 கிராம். இந்த ஃபீனால்ஃப்தலீனை ஒரு காலத்தில் மலமிளக்கி மாத்திரையாக விற்றார்கள் என்பது ருசி பார்க்க நினைப்பவர்களுக்காக.

நொதிக்கும் மதுவில் கார்பன் டைஆக்சைடு கரைந்திருக்கும். அதையும் அமிலமாகவே இந்த முறை எண்ணிவிடும். சூடாக்கியோ நன்றாகக் குலுக்கியோ வாயுவை ஓட்டியபிறகு அளக்கவேண்டும். பழைய காரக் கரைசலும் ஏமாற்றும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி அதன் வீரியம் குறைந்துபோயிருக்கும். அதிக மில்லி செலவாகும், இல்லாத புளிப்பைக் காட்டும்.

தேன் கலந்ததில் இன்னொரு வினோதம். இளஞ்சிவப்பு வரும், அரை நிமிடத்தில் மங்கும், இன்னொரு சொட்டு விட்டால் திரும்பி வரும், மறுபடி மங்கும். கை நடுக்கம் அல்ல. தேனின் முக்கிய அமிலம் குளுக்கோனிக். தேனீயின் சுரப்பியில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸிலிருந்து அதை உண்டாக்குகிறது. அந்த அமிலத்தில் ஒரு பகுதி லாக்டோன் என்ற வளைய வடிவில் அமிலத்தன்மை காட்டாமல் உட்கார்ந்திருக்கும். நாம் காரம் விட்டு அமிலத்தைக் குறைக்கக் குறைக்க, லாக்டோன் மெல்லத் திறந்து அமிலமாகிக்கொண்டே வரும். முதல் சிவப்பு அரை நிமிடம் நின்றாலே போதும் என்று குறித்துக்கொள்வேன். எல்லாக் குடத்துக்கும் ஒரே வழக்கத்தைக் கடைப்பிடித்தால் ஒப்பிடலாம். அதற்குமேல் துல்லியம் வீட்டுக்கு வேண்டியதில்லை.

*

தேன் கலந்த சாறு நொதிக்கும்போது பி.எச். கீழே பாயும். ஆப்பிள் சாறு அதிகமாக இருந்தால் அது கொஞ்சம் தாங்கும். தேனும் தண்ணீரும் மட்டும் என்றால் தாங்குவதற்கு ஆளே இல்லை. காரணங்கள்: தேனில் பொட்டாசியம் முதலிய உப்புகள் குறைவு, அதனால் அமிலத்தின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும் சக்தி குறைவு. தேனில் நைட்ரஜனும் குறைவு என்று நாம் டைஅமோனியம் பாஸ்பேட் போடுகிறோம். ஈஸ்ட் அமோனியத்தை எடுத்துக்கொள்ளும்போது ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. இதெல்லாம் சேர்ந்து பி.எச். 3-ஐ நெருங்கினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். ஏர்லாக்கில் குமிழி நிற்கும், ஹைட்ரோமீட்டர் நடுவழியில் நிற்கும்.

மீட் என்னும் தேன் மதுவின் பழைய செய்முறைகளில், டார்டாரிக், மாலிக், சிட்ரிக் மூன்றும் கலந்த அமிலத்தூளை முதல் நாளே போடச் சொல்லியிருப்பார்கள். திராட்சை மதுவுக்குச் சொன்னதை அப்படியே தேனுக்கும் எழுதிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. நொதிப்பு நின்றுபோனதற்குத் தேனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதிப்பேர் அந்தத் தூளைக் குறை சொல்லியிருக்கவேண்டும். இப்போதைய மீட்காரர்கள் எதிர்த்திசைக்கு வந்துவிட்டார்கள்: தொடக்கத்தில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் பைகார்பனேட்.

*

புளிப்பு அதிகமானால்.

முதல் மருந்து காத்திருப்பது. இளம் மதுவில் கரைந்த வாயுவும் முதிராத சாராயத்தின் காட்டமும் புளிப்போடு சேர்ந்துகொண்டு அடிக்கும். மண்டியிலிருந்து வடித்து ஆறு மாதம் வைத்தால், எண் அசையாமலே புளிப்பு அடங்கியிருப்பது உண்டு.

அடுத்தது ஈஸ்டைத் தேர்ந்தெடுப்பது. இதை முன்பே யோசித்திருக்கவேண்டும். 71பி என்று விற்பது மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடும். 20 முதல் 40 சதவீதம் வரை என்று விற்பவர்களே சொல்கிறார்கள். பிராம்லி தாராளமாக விழுந்துவிட்ட வருடத்துக்கு இது தோது. காலாச் சாற்றில் போட்டால் இருப்பதும் போய்விடும். பலரும் பழ மது என்றாலே யோசிக்காமல் இதைப் போடுகிறார்கள்.

மாலோலாக்டிக் நொதிப்பு பாக்டீரியாவின் வேலை. ஓயனோகாக்கஸ் என்ற இனம் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றி, கொஞ்சம் கார்பன் டைஆக்சைடை வெளியே விடும். மாலிக்கில் இரண்டு அமில முனைகள், லாக்டிக்கில் ஒன்று. ஆகவே மாறிய அளவுக்குப் புளிப்பு சரிபாதி. பச்சை ஆப்பிளின் கூர்மை போய்த் தயிரின் மென்மை வரும். வெண்ணெய் வாடையும் சேரலாம். தேன் மணத்தோடு அந்த வெண்ணெய் எனக்கு ஒத்துப்போவதில்லை, பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் மரம் பூக்கும்போது பீப்பாயில் இருக்கும் சைடரும் அசையும் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மரத்துக்கும் பீப்பாய்க்கும் உறவு என்னவென்றால், இரண்டுமே வசந்தத்தின் வெப்பத்துக்குக் காத்திருந்தவை.

கடைசியாக ரசாயனம். லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டால் 0.67 கிராம் மாலிக் அமிலம் அடங்கும். ஒரு கிராமைத் தாண்டவேண்டி வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அதற்குமேல் உப்புக் கரிக்கும். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், இன்னும் மோசம்: கால்சியம் மதுவிலேயே தங்கி நாக்கில் சாக்பீஸ் தடவியதுபோல இருக்கும். சமையல் சோடாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குளிரவைத்தால் அமிலம் படிந்து இறங்கிவிடும் என்று திராட்சை மதுப் புத்தகங்களில் இருக்கும். அது டார்டாரிக் அமிலத்துக்கு. பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமாகி அடியில் விழும். ஆப்பிளில் டார்டாரிக் கிடையாது. சைசரை எத்தனை நாள் பனியில் வைத்தாலும் மாலிக் அமிலம் அசையாது. வெளியிலிருந்து டார்டாரிக் தூளைப் போட்டவர்கள் வேண்டுமானால், போட்டதில் கொஞ்சத்தைப் படிகமாகப் பார்க்கலாம்.

வினிகர் வாடை வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அது அசிட்டிக் அமிலம். காரம் போட்டு எண்ணைக் குறைக்கலாம், அதோடு சேர்ந்து வரும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையைக் குறைக்கமுடியாது. சாலட்டுக்கு ஒதுக்கிவிடலாம்.

*

புளிப்பு குறைந்தால் வேலை எளிது, ஆனால் இங்கேதான் அவசரம் கெடுக்கும். 10 கிராம் மாலிக் அமிலத்தூளைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்கிக்கொள்கிறேன். ஒரே மாதிரி கண்ணாடிக் கோப்பைகளில் 100 மில்லி மது. அந்தக் கரைசலில் ஒரு மில்லி விட்டால் லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்ததற்குச் சமம். ஒன்றில் எதுவும் இல்லை, அடுத்ததில் அரை மில்லி, ஒன்று, ஒன்றரை. அடியில் எண் எழுதி, வேறு யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நாக்கு எழுத்தைப் படித்துவிடும்.

பிடித்த கோப்பையைவிட ஒரு படி குறைவாகவே குடத்தில் போடுவேன். போட்டதை எடுக்கமுடியாது, பிறகு சேர்க்கலாம். சொன்ன வாயோடு இன்னொன்று: ருசி பார்ப்பது நாம் குடிக்கப்போகும் குளிர்ச்சியிலேயே இருக்கவேண்டும். குளிர்ந்தால் இனிப்பு பின்வாங்கும், புளிப்பும் துவர்ப்பும் முன்னுக்கு வரும். அறை வெப்பத்தில் சமநிலையாகத் தெரிந்த மது குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் கத்திபோல இருக்கலாம்.

*

ஹாரோவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் கோப்பையைக் கையில் எடுத்தவுடனே கேட்டார்: "அண்ணை, கொஞ்சம் தேனை இப்ப விட்டா என்ன? புளிப்புப் போயிடும்தானே?"

"போகாது தம்பி, மறையும்."

வத்தக்குழம்பில் போடும் வெல்லத்துண்டு மாதிரிதான் அது. புளியை எடுத்துவிடுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் சைசருக்கு ஆகச் சிறந்த திருத்தம் பலநேரம் இதுதான். நொதிப்பில் தேனின் இனிப்பு போய்விடுகிறது, மணம் மட்டும் மிஞ்சுகிறது. மூக்கு தேன் என்கிறது, நாக்கு இல்லை என்கிறது. லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் தேனைக் கடைசியில் சேர்த்தால் இந்தச் சண்டை ஓய்ந்துவிடும். இனிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால் குடத்தில் இருக்கும் ஈஸ்டும் அந்தத் தேனுக்காகத்தான் காத்திருக்கிறது. அதைத் தடுக்கச் சல்ஃபைட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்த்துப் போடவேண்டும். சார்பேட் மட்டும் போட்டால் போதாது. அது ஈஸ்டைப் பெருகவிடாமல் தடுக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மாலோலாக்டிக் பாக்டீரியா உயிரோடு இருக்கும் மதுவில் சார்பேட்டைப் போட்டால் அந்தப் பாக்டீரியா சார்பேட்டையும் தின்று, கசக்கிய ஜெரேனியம் இலையின் வாடையை உண்டாக்கும். வந்தால் போகாது. ஆகவே புளிப்பைக் குறைக்க மாலோலாக்டிக் வழியை எடுத்தவர்கள், இனிப்பைக் கூட்டச் சார்பேட் வழியை எடுக்கக்கூடாது. இரண்டில் ஒன்று.

*

துவர்ப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அது இல்லாமல் புளிப்பு நிற்காது. சாப்பாட்டு ஆப்பிள்களில் டானின் சொற்பம். தேனில் இல்லை என்றே சொல்லலாம். அமிலம் சரியான எண்ணில் இருந்தும் மது தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு போனால் கை அமிலத்தூளுக்குப் போகும். போகக்கூடாது. ஒரு கோப்பை கெட்டித் தேயிலைச் சாயத்தை முயன்று பார்க்கலாம். பிரிட்டனின் பழைய வீட்டு மதுக்காரர்களின் வழக்கம் அது. பூ மதுவாகட்டும், வேர் மதுவாகட்டும், ஒரு கேலனுக்கு ஒரு கோப்பைத் தேநீர். பால் இல்லாமல் என்று சொல்லவேண்டியிருக்கிறது, இந்த நாட்டில். கிடைத்தால் டேபினெட் சாறு கால் பங்கு அதைவிட மேல். ஆனால் டேபினெட் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஆலையோடு ஒப்பந்தத்தில் இருப்பார்கள்.

*

கென்னெல்ம் டிக்பியின் சமையல் புத்தகம் அவர் இறந்தபின் 1669-இல் வந்தது. அதில் மீட் வகைகள் ஏராளம். தேன் போதுமா என்று பார்க்க முட்டையை மிதக்கவிடுகிறார். மேலே தெரியும் முட்டையின் வட்டம் ஒரு நாணய அளவா, அதைவிடப் பெரிதா என்பது கணக்கு. ஹைட்ரோமீட்டர் செய்கிற வேலை அதுவேதான். சர்க்கரைக்கு முட்டை கிடைத்தது. புளிப்புக்கு அப்படி ஒரு பொருளும் கிடைக்கவில்லை; லிட்மஸும் பியூரெட்டும் வரும்வரை வாயில் விட்டுப் பார்த்ததுதான்.

*

இந்த வருடக் குடம் பற்றி. பிராம்லி, காக்ஸ், காலா மூன்றும் கலந்த சாறு, போரேஜ் பூத் தேன். ஹெதர் தேன் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கே ஒரு கசப்பும் கனமும் உண்டு, ஆப்பிளை அமுக்கிவிடும். தொடக்கத்தில் பி.எச். 3.5, தொடவில்லை. இப்போது 0.998, பி.எச். 3.3, மாலிக் கணக்கில் 6.4. குடித்தால் முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் காலி. அமிலம் சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். தேயிலை அரைக் கோப்பை, வடித்து வைத்து ஏப்ரலில் மறுபடி பார்க்கலாம். சல்ஃபைட்டை மறக்கக்கூடாது: மாலிக் அமிலம் இவ்வளவு மிஞ்சியிருக்கும் மதுவை அது இல்லாமல் பாட்டிலில் அடைத்தால், வெயில் ஏறியதும் உள்ளேயே மாலோலாக்டிக் தொடங்கி வாயு சேரும். ஷாம்பெயின் பாட்டிலில் அடைத்தவர்களுக்கு அது அதிர்ஷ்டம். சாதாரணப் பாட்டிலில் தக்கை கூரையில் இருக்கும்.